வீடியோ பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்

ஞாயிற்றுக்கிழமை நம் மலை சைக்கிள் குழுவில் சுற்றிய படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கனடாவின் நார்த் வான்கூவரில் இருக்கும் ஃப்ரோம் மலையில், ட்ரெயில் (சைக்கிளில் இறங்கும் மண்பாதை) தொடங்கும் இடத்தில், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாக நின்று போனையே முறைத்துக்கொண்டிருக்கும் பெண்மணி நான்தான். கீழே "அக்கா இன்டர்வெல் முடிஞ்சு வருவாங்க" என்று ஒருவர் எழுத, அதற்கு எத்தனை சிரிப்பு! சிரித்தவர்களில் என் வீட்டில் கை நனைத்தவர்களும் உண்டு. சரி, சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெரிய மனிதர் வந்து, "மலையை மலையில பாக்கணும், யூடியூப்ல இல்ல" என்று தத்துவம் சொன்னார் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அதே ட்ரெயிலில் வேறொருவர் நெஞ்சில் கேமரா கட்டிக்கொண்டு இறங்கிய வீடியோ. முதல் நாளே வீட்டில் பார்த்ததுதான். நடுவில் ஒரு மரப்பாலம் வரும்; அதற்கு முந்தைய வளைவு எது என்று மறுபடி சரிபார்த்தேன். என் குற்றம் அவ்வளவுதான்.

தெரியாத சரிவில் இறங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்வது கோழைத்தனம் இல்லை. இந்த விளையாட்டில் உலகிலேயே வேகமானவர்கள் செய்வதும் அதைத்தான். டவுன்ஹில் (மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் போட்டி) உலகக் கோப்பையில் வீரர்கள் பைக்கை எடுப்பதற்கு முன் தடம் முழுக்க நடந்து பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் தடம் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர், வெல்பவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக நடக்கிறார்கள், பயிற்சி ஓட்டம் ஓடுகிறார்கள், ஹெல்மெட் கேமராவில் பதிந்ததைப் போட்டுப் பார்த்து எந்த வேருக்கு எந்தப் பக்கம் போவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் இன்டர்வெல் ஜோக் சொல்லுங்களேன்.

நெதர்லாந்தின் சைக்கிள் வீரர் மாத்தியூ வான் டெர் போல் ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக் மலை சைக்கிள் போட்டி, 2021. முதல் சுற்றிலேயே ஒரு பாறை இறக்கத்தில் பைக்கோடு குப்புற விழுந்தார். பயிற்சியின்போது அங்கே இறங்குவதற்கு ஒரு மரப்பலகை இருந்தது. போட்டியில் அதை எடுத்துவிடுவார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று பிறகு சொன்னார். திறமையில் அவருக்கு என்ன குறை? ஒரே ஒரு தகவல் போய்ச் சேரவில்லை. "அப்ப பார்த்து வச்சதை நம்பித்தானே விழுந்தார்?" என்று ஒருவர் கேட்கப்போகிறீர்கள், தெரியும். பழைய தகவலை நம்பி விழுந்தார். அதற்கு மருந்து புதிய தகவல். கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது எப்படி மருந்தாகும்?

"கோப்ரோ (உடம்பில் கட்டிக்கொள்ளும் கேமரா) பொய் சொல்லும்" என்பது அடுத்த வாதம். சொல்லும்தான். அகலமான லென்ஸ் சரிவைத் தட்டையாக்கிவிடும். இடுப்பளவு டிராப் (சட்டென்று கீழே இறங்கும் படி) வாசற்படி மாதிரி தெரியும். 2018-க்குப் பிறகு வந்த கேமராக்களில் ஆட்டத்தைச் சமப்படுத்தும் வசதி வேறு. பல்லெல்லாம் ஆடிப்போகிற வேர்க்காடு அதில் தார் ரோடு போல வழுக்கிக்கொண்டு போகும். ஆகஸ்டில் காய்ந்த மண்ணில் எடுத்ததைப் பார்த்துவிட்டு நவம்பர் மழையில் போனால் அதே வேர் உங்களைக் கீழே தள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

அதனால்தான் பார்க்கிறேன், அதனால்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். சரிவு எவ்வளவு என்று மரங்களைக் கேட்க வேண்டும். தண்டு நேராகத்தான் நிற்கும், தரை அதிலிருந்து எவ்வளவு சாய்ந்து போகிறது என்று பார்த்தால் போதும். ஓட்டுபவரின் கை முன்னால் நீண்டுவிட்டதென்றால் உடம்பு பின்னால் போய்விட்டது, அப்படியென்றால் அது செங்குத்து. சத்தத்தைக் குறைக்கக் கூடாது. பிரேக் எங்கே கத்துகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பது படத்தைவிட அதிகம் சொல்லும். பக்கத்தில் ட்ரெயில் வரைபடம் காட்டும் ட்ரெயில்ஃபோர்க்ஸ் செயலியைத் திறந்து ஏற்ற இறக்கக் கோட்டையும், கடைசியாகப் போனவர் ஈரம் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் பார்ப்பேன். வீடியோ ஏற்றிய தேதியையும் பார்ப்பேன், ட்ரெயிலை நடுவில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். இன்டர்வெல்லில் எனக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

"போர்டு போட்டிருக்கே, நீலம்னா நீலம்தானே?" என்பீர்கள். ட்ரெயில் போர்டில் பச்சை என்றால் எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். இம்பா (சர்வதேச மலை சைக்கிள் சங்கம்) கணக்கில் நீலச் சதுரம் என்றால் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள். ஆனால் நம் நார்த் ஷோர் மலைகளின் நீலம் வேறு ஊரில் கறுப்பு என்று இந்த மலையில் ஓட்டுகிற எல்லோரும்தானே சொல்கிறீர்கள்? அதையே பெருமையாகவும் சொல்லிக்கொண்டு, அந்த போர்டை மட்டும் நம்பி நான் இறங்க வேண்டுமாம்.

மணிக்கட்டு உடைந்த கதை சிலருக்குத் தெரியும். அன்றைக்கு வீடியோ பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. "என் பின்னாலேயே வாங்கக்கா, நான் போற லைன்ல வந்தா போதும்" என்றார் ஒருவர். பின்னாலேயே போனேன். அவர் ஒரு பாறை விளிம்பிலிருந்து காற்றில் மறைந்தார். சுற்றிப் போக வழி இருந்ததா என்று பார்க்கக்கூட நேரமில்லை. அப்புறம் மாவுக்கட்டு. மகளுக்குத் தலை பின்னிவிட முடியாமல், அவள் அப்பா யூடியூப் பார்த்துப் பின்னல் கற்றுக்கொண்டார் (அதற்கு யாரும் சிரிக்கவில்லை). முன்னால் போன அந்த மனிதர் ஒரு கட்டைவிரல் ஸ்டிக்கர் அனுப்பினார். நேரில் வரவில்லை, போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்கு முதலில் சிரித்தவர் அவர்தான்.

பெயர் எழுத மாட்டேன். எழுதினால் "அக்கா எல்லாத்தையும் சீரியஸா எடுத்துக்கிறாங்க" என்பார்கள்.

"சர்ப்ரைஸ் போயிடும், த்ரில் போயிடும்" என்கிறவர்களே, உங்களுக்கு எந்த ட்ரெயிலில் சர்ப்ரைஸ் இருந்தது? நீங்கள் வந்த புதிதில் உங்களை அழைத்துப் போன நண்பர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, "அந்தப் பாறை தாண்டினதும் இடப்பக்கம் ஒட்டிப் போ, பிரேக்கைத் தொடாதே" என்று சொன்னாரே, அதுவும் முன்கூட்டியே பார்ப்பதுதான். உங்களுக்கு ஒருவர் வாயால் சொன்னார், எனக்கு ஒரு திரை காட்டுகிறது. உங்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? விஸ்லர் பைக் பார்க்கிலேயே ப்ரீ-ரைட், ரீ-ரைட், ஃப்ரீ-ரைட் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். முதல் தடவை மெதுவாகப் பார்த்துப் போ, மறுபடி போ, அப்புறம்தான் இஷ்டத்துக்குப் போ என்றுதான் அர்த்தம். அந்த போர்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்கள்தான் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

வீடியோ போட்டால் கூட்டம் வந்து ட்ரெயில் கெடும், அனுமதி இல்லாத ட்ரெயிலெல்லாம் அம்பலமாகும் என்பார்கள். இருக்கலாம். ரகசிய ட்ரெயிலை யார் கேட்டார்கள்? போர்டு வைத்து, வரைபடத்தில் போட்டு, தன்னார்வலர்கள் மண் சுமந்து சரிசெய்கிற பொது ட்ரெயிலைத்தான் சொல்கிறேன். கூட்டம் வருகிறது என்பது உண்மையிலேயே உங்கள் கவலையென்றால், வாரா வாரம் நீங்கள் ட்ரோன் விட்டு எடுத்து ஏற்றுகிறீர்களே, அதை முதலில் எடுங்கள். நீங்கள் பாய்ந்தால் அது சினிமா. அதையே நான் பாதை தெரிந்துகொள்ளப் பார்த்தால் கேவலமா?

வீடியோவை மட்டும் சொல்லவில்லை. பைக் கடையில் பிரேக் பேட் கேட்டால் "ஹஸ்பண்டுக்கா?" என்கிறார்கள். ஏற்றத்தில் ஒரு நிமிடம் நின்றால், "அக்கா, நீங்க பச்சையிலேயே போங்களேன், ஜாலியா இருக்கும்" என்கிறார்கள். பாதுகாப்பாக ஓட்டினால் பயந்தாங்கொள்ளி, விழுந்தால் "வயசுக்கேத்த மாதிரி இருக்கணும்". திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஷிஃப்டில் நிற்க வேண்டும்; ஒரு கையோடு நோயாளியைத் தூக்க முடியாது. உங்களுக்குத் திங்கட்கிழமை என்றால் வீட்டிலிருந்தே வேலை.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு மரப்பாலத்தைத் தாண்டினேன், கால் ஊன்றாமல். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்குவாமிஷ் ஊரில் ஹாஃப் நெல்சன் என்ற ட்ரெயிலுக்குப் போகிறேன். காய்ந்த நாளில் எடுத்தது ஒன்று, ஈரத்தில் எடுத்தது ஒன்று என இரண்டு வீடியோ தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். சிலர் ஏற்கெனவே ரகசியமாகக் கேட்டு வாங்கிவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.