எஞ்சினை இறக்குவதற்கு முன்னால்
வெள்ளைப் புகை, குறையும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்றதும் பழைய டொயோட்டா பிக்கப்புக்கு வேறு எஞ்சின் போடச் சொல்கிறது ஒரு கட்டுரை. கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டியின் 3.0 லிட்டர் வி6 எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போவது ஊரறிந்த வியாதி. முதலில் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம்) பாருங்கள். ஏதாவது சிலிண்டரில் குறைந்தால் லீக்-டவுன் டெஸ்ட்: அந்த சிலிண்டருக்குள் அழுத்தத்தோடு காற்றை விட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. உள்ளே விட்ட காற்று ரேடியேட்டரில் குமிழியாக வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங். முதல் இரண்டும் பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றும் வேலையோடு முடிந்துவிடும்.

ரிங்கே போய்விட்டதா? சரி, மாற்றுங்கள். ஆனால் மறுபடியும் அதே 3.0 வேண்டாம். 1995-ல் வந்த டொயோட்டா டகோமா பிக்கப்பின் 3.4 லிட்டர் வி6 பழைய 3.0-வின் கியர்பாக்ஸிலேயே உட்காரும். உயிரை வாங்குவது வயரிங்தான். அதனால் வெறும் எஞ்சினை வாங்காமல், ஹார்னஸ் (வயர் கட்டு), இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சர்களோடு அடிபட்ட வண்டி ஒன்றை முழுசாகப் பிடிப்பது நல்லது. அப்புறம், கலிஃபோர்னியாக்காரர்கள் கவனிக்க: போடும் எஞ்சின் வண்டியின் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக்கூடாது, அதன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையும் கூடவே வர வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.