அது மாணவர் பரிமாற்றம் அன்று

2015ஆம் ஆண்டு பிரிட்டிஷ், சீன மாணவர்கள் பள்ளி மாறிப் படித்ததாகவும், அதில் சீன மாணவர்கள் பிரிட்டிஷ் மாணவர்களை வென்றதாகவும் ஒரு பதிவில் எழுதப்பட்டுள்ளது. அது தவறு. அவ்வாண்டு பிபிசி ஒளிபரப்பிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே அது. அதற்காக இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள போஹன்ட் பள்ளிக்கு வந்தவர்கள் சீன ஆசிரியர்கள் ஐவர். ஒரு மாணவர்கூடச் சீனாவிலிருந்து வரவில்லை. அதே பள்ளியைச் சேர்ந்த ஐம்பது பிள்ளைகளுக்கு அவர்கள் நான்கு வாரம் சீன முறையில் பாடம் நடத்தினர். இறுதித் தேர்வில் சீன முறையில் படித்து ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதலாகப் பெற்றவர்களும், வழக்கமான முறையில் படித்துப் பின்தங்கியவர்களும் பிரிட்டிஷ் மாணவர்களே.

ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் நீண்ட பள்ளி நாளில் கூடுதலாகப் படித்ததன் பயனை ஆசிரியரின் திறமையிலிருந்தோ வகுப்புக் கட்டுப்பாட்டிலிருந்தோ பிரித்தறிய வழியில்லாத நிலையில், இதைக் கொண்டு ஒரு நாட்டுப் பிள்ளைகள் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளைவிட அறிவில் உயர்ந்தவர்கள் என்று எழுதுவது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

உண்மையான பரிமாற்றத்தைப் பற்றிப் பேசுவதானால், 2014இல் தொடங்கிய இங்கிலாந்து, ஷாங்காய் கணித ஆசிரியர் பரிமாற்றத்தைப் பார்க்க வேண்டும். அதில் இரு தரப்பு ஆசிரியர்களும் மற்றவரின் வகுப்பறைக்குச் சென்றனர். மாணவர்களைப் பொறுத்தவரை, 2016இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் தொடங்கிய மாண்டரின் (சீன) மொழித் திட்டம் பொருத்தமான சான்று. வாரம் எட்டு மணி நேரம் சீனம் பயின்ற பிள்ளைகள் சீனாவுக்கும் சென்று படித்தனர். அங்கே யாரும் யாரையும் வெல்லவில்லை. அது அத்திட்டத்தின் நோக்கமும் அன்று. பதிவைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.