மிகிந்தலைக் கல்லில் வெட்டிய கணக்கு

பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பொசன் பௌர்ணமி வந்தால் கொழும்பில் மூலைக்கு மூலை தன்சல், அதாவது இலவச உணவுப் பந்தல். கடலை, மரவள்ளிக்கிழங்கு, ஐஸ்கிரீம் என்று கொடுப்பார்கள். வெள்ளவத்தையில் நம் தமிழர்களும் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறோம். ஆனால் அந்தப் பொசன் எந்த மலையை நினைத்துக் கொண்டாடப்படுகிறதோ, அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மிகிந்தலையைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்த இடம், 1840 படி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

விகாரை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு, முல்லைத்தீவில் தமிழர் வழிபட்ட இடத்தில் விகாரை எழுந்த குருந்தூர்மலைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் மிகிந்தலையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன், முக்கியமாகக் கோயில் பரிபாலன சபைகளில் இருப்பவர்கள்.

மலையடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் அத்திவாரம் இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிவரச் சின்னச் சின்ன அறைகள். மன்னன் இரண்டாம் சேனன் கட்டினான் என்று சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் சொல்கிறது. அதாவது 9ஆம் நூற்றாண்டு. அங்கே கிடக்கும் கல் தொட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே கல்லின் உட்புறத்தைத் தலை, தோள், கால் என்று மனித உடம்பின் அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள். நோயாளியை மூலிகை எண்ணெயில் படுக்க வைக்கும் தொட்டி அது. மேலே ஏறினால் பிக்குகள் சாப்பிடும் தானசாலை. சோற்றுக்கு ஒரு நீண்ட கல் தொட்டி, கஞ்சிக்கு இன்னொன்று.

இவ்வளவையும் நடத்த ஆளும் பணமும் வேண்டுமே. அதற்கான பதில் தானசாலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது: மன்னன் நாலாம் மகிந்தன் 10ஆம் நூற்றாண்டில் நாட்டிய இரண்டு பெரிய கற்பலகைகள். வைத்தியர், அட்டை விட்டு வைத்தியம் செய்பவர், குயவர், சலவைத் தொழிலாளி என்று யார் யாருக்கு என்ன கூலி, எவ்வளவு காணி என்று வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் வருகிறது எனக்கு மிகப் பிடித்த பகுதி. அன்றாடச் செலவை ஏட்டில் பதிய வேண்டும், ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், மாத முடிவில் கணக்கு எழுத வேண்டும். பன்னிரண்டு மாதக் கணக்கையும் சேர்த்து வருட முடிவில் பிக்குகள் சங்கத்தின் நடுவில் வாசிக்க வேண்டும்.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஏற்பாடு இது. இன்று நம் கோயில்களில் எத்தனையில் இது நடக்கிறது?

கொழும்பில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்த பிறகு, சேர்ந்த காசுக்கும் போன செலவுக்கும் கணக்குக் கேட்டேன். “சாமிக்குக் குடுத்த காசுக்குக் கணக்குக் கேக்கலாமா தம்பி?” என்றார் சபையில் இருந்த ஒரு பெரியவர். கேட்கலாம் ஐயா, கேட்கத்தான் வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கடையில் நின்று உழைக்கும் பிள்ளை போட்ட நூறு ரூபாயும் அதில் இருக்கிறது.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவர் முழுக்க யார் என்ன கொடுத்தார், யாருக்கு எவ்வளவு நெல் என்றுதான் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருகோணமலைப் பக்கம் வெல்கம் வேஹெரவில், சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்த விகாரையில், விளக்கெரிக்க விட்ட பசுக்களின் கணக்குத் தமிழிலேயே இருக்கிறது. ஊர் பார்க்கும் இடத்தில் கணக்கை வைப்பது சைவத்திலும் பௌத்தத்திலும் நம் முன்னோர் செய்த காரியம்.

கணக்கைத் திறந்து வைத்த கோயிலுக்குக் காசு கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அந்தக் காசில் ஒரு இலவச வைத்திய முகாம் நடத்தலாம், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைக்கலாம். ராஜகோபுரத்துக்கு மறுபடி வர்ணம் பூசுவது இரண்டு வருடம் பொறுக்கும்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு உபயகாரர்கள் எல்லாரும் போங்கள். வரவு செலவை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு பிரதியை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். நானும் என் கோயிலில் எழுந்து கேட்பேன்.