முதலில் வயர் சுத்தட்டும்

அக்காவின் மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிறான். போன கிழமை வீட்டுக்கு வந்து, "மாமா, ஓடியோ எஞ்சினியரிங் படிக்கட்டோ?" என்று கேட்டான். பின்னால் நின்ற அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று சொல்லட்டாம். யாழ்ப்பாணத்தில் கோயில், கலியாண வீடு என்று சவுண்ட் போட்டுப் பிழைக்கிறவன் நான். மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டு வளர்ந்த காதுதான் என் முதலீடு. "படி" என்றேன். அக்கா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஏன் சொன்னேன்? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நீளமான மண்டபத்தில் கூட்டம். பின்னுக்குக் கேட்கவில்லை என்றார்கள், பின்னுக்கும் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் வைத்தேன். பேசுகிறவர் ஒரு சொல் சொன்னால் இரண்டாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் மோசம். மைக்கை மாற்றினேன், மைக் சத்தங்களைக் கலந்து கூட்டிக் குறைக்கிற மிக்சரைத் திட்டினேன். விசயம் இவ்வளவுதான்: ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் போகும். மேடைச் சத்தம் 34 மீற்றர் தாண்டி வர பத்தில் ஒரு செக்கன். வயரில் போனது அதற்கு முன்னமே பின் பொக்ஸில் பேசி முடித்துவிடும். பின் பொக்ஸின் சத்தத்தை அந்தளவு நேரம் பிந்தி வர விட்டால் சரி. பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு ஐந்து நிமிடக் கணக்கு. எனக்கு ஆறு வருசம் பிடித்தது.

அதற்காகக் காணியை ஈடு வைத்துப் படிக்கிற படிப்பும் இல்லை இது. பெயரில் எஞ்சினியரிங் இருக்கிறது என்பதற்காக டிப்ளோமா முடித்தவன் பொறியியலாளர் ஆகிவிட மாட்டான். கம்பஸில் பௌதிகவியலோ இலத்திரனியலோ கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, சவுண்டை என்னோடு பழகலாம். கிடைக்காவிட்டால், காசு கட்ட முன் ஒன்று கேட்கவேண்டும்: மிக்சருக்கு முன்னால் எத்தனை மணித்தியாலம் இருத்துவீர்கள்? சொப்ட்வேர் மட்டும்தான் என்றால் அதை வீட்டு லப்டொப்பிலேயே பழகலாம்.

அப்புறம், தவில். ஒற்றை மைக்கை வலந்தலை, அதாவது விரலால் அடிக்கிற வலப் பக்கம், வைத்தால் காதை வெட்டும், கம்பால் அடிக்கிற இடப் பக்கமான தொப்பியின் கனம் காணாமல் போகும். நல்லூர்க் கோயில் திருவிழாவில் 25 நாளும் வீதியில் நின்று மைக் இல்லாத தவிலைக் கேட்டவனுக்குத்தான் எது குறைகிறது என்று பிடிபடும். அந்தப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வேலை ஒன்று இருக்கிறது, அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் முறுக்கு விழாமல் வயர் சுத்தட்டும். மிச்சத்தை அக்காவோடு கதைக்கலாம், அவள் கதைத்தால்.