இந்த வாரமும் பாட்டி முகம்தானா?

எங்கள் வாட்ஸ்அப் புகைப்படக் குழுவில் போன வாரத் தலைப்பு ‘காத்திருப்பு’. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குள் வந்து சேர்ந்த படங்கள் 31. அதில் 12 படங்கள் வயதானவர்களின் முகம். சுருக்கம் விழுந்த நெற்றி, எங்கேயோ பார்க்கும் கண், கருப்பு வெள்ளை, ஓரமெல்லாம் இருட்டு. போன மாதம் ‘உழைப்பு’ என்று தலைப்பு கொடுத்தபோதும் இதே பாட்டிகள்தான் வந்தார்கள். ‘நம்பிக்கை’க்கும் வந்தார்கள். ‘வீடு’ என்று கொடுத்தால் திண்ணையில் உட்கார்ந்தபடி வருவார்கள். ஊரில் இருக்கும் பாட்டிகள் என்ன பாவம் செய்தார்களோ, கேமரா வாங்கியவன் எல்லாம் முதலில் அவர்கள் முகத்துக்கு நேராகத்தான் போய் நிற்கிறான்.

நானும் யோக்கியன் இல்லை. தென்காசி பேருந்து நிலையத்தில் எப்போதோ எடுத்த ஒரு பாட்டி படம் என்னிடம் உண்டு. அதையே மூன்று தலைப்புக்குப் போட்டுவிட்டேன். மூன்று முறையும் ‘அருமை’, ‘செம’, ‘வேற லெவல் ப்ரோ’, கைதட்டும் ஸ்டிக்கர். மூன்றாவது முறை குழுவில் இருக்கும் ஸ்டூடியோக்கார அண்ணாச்சி மட்டும் எழுதினார்: “இந்த ஆச்சிய மார்கழி மாசமே பாத்துட்டமே தம்பி. இன்னுமா பஸ் வரல?” அன்றைக்குக் குழுவே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதற்கு அப்புறம்தான் ‘அந்த வாரம் எடுத்த படம் மட்டும்’ என்ற விதி வந்தது. திங்கள் காலை தலைப்பு, சனி ராத்திரி கெடு, ஞாயிறு முழுக்க விமர்சனம். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லியிருக்கிறோம். சும்மா படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்குவதோடு, எந்தத் தேதியில் எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தது என்ற எக்சிஃப் தகவலையும் கழற்றிவிடும். ஆவணமாக வந்தால் எல்லாம் கூடவே வரும். மனசாட்சியை மட்டும் நம்பினால் ஆச்சி மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார், என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது பாட்டிகளுக்காக இல்லை, ஒரு மாவுத் தூக்குக்காக.

இரண்டு மாதம் முன்னால் ஒரு கல்லூரிப் பெண் குழுவில் சேர்ந்தார். கேமரா கிடையாது, போன் மட்டும். காத்திருப்புக்கு அவர் போட்ட படம் இது: விடியற்காலைச் சமையலறை, மேடை மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு, அதன் மூடி ஒரு பக்கம் விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு கோடு வழிந்து, பாதி வழியில் காய்ந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான் படம். ராத்திரி பூராவும் யாரும் பார்க்காமல் நடந்த ஒரு காத்திருப்பு. மற்ற 30 படத்திலும் ஆட்கள் இன்னும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், இது ஒன்றில்தான் காத்திருந்தது நடந்திருக்கிறது.

வந்த கருத்துகளைப் பாருங்கள். “தலைப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒருவர். “மொபைல்ல எடுத்தா நாய்ஸ் வரத்தான் செய்யும், ஒரு நல்ல கேமரா வாங்குங்க” என்று இன்னொருவர் (நாய்ஸ் என்றால் படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் புள்ளிகள்). “ரூல் ஆஃப் தேர்ட்ஸ் படிங்க சகோதரி” என்று மூன்றாமவர். மதியம் படம் அழிக்கப்பட்டிருந்தது. சாயந்திரம் பார்த்தால் அவர் குழுவிலேயே இல்லை.

நான் அந்தப் படத்தைக் காலை ஒன்பது மணிக்கே பார்த்தேன். கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று போனைப் பையில் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன். அதனால் கோபத்தில் கொஞ்சம் என் மேலேயும் இருக்கிறது.

நாய்ஸ் இருந்தது உண்மைதான். அதை ஒரு விமர்சனமாக எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பார்ப்போம். படத்தில் சுவர் மேல் மங்கலாகப் படுக்கைவாட்டில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருந்தது. அது டியூப் லைட் வேலை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப் லைட் அதில் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் போன் சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது ஒரு வரிக்கு வெளிச்சம், அடுத்த வரிக்கு இருட்டு என்று பதிவாகிவிடும். எக்சிஃபில் ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவு) 1600 என்று இருந்தது. கை நடுங்கிவிடக் கூடாதென்று வேகமாக வைத்திருப்பார் போல. தூக்கு எங்கேயும் ஓடப்போவதில்லை. போனை ஒரு டம்ளர் மேல் சாய்த்துவைத்து ஷட்டரை 1/50-க்கு இறக்கியிருந்தால் பட்டையும் போயிருக்கும், ஐஎஸ்ஓவும் 400-க்கு வந்து நாய்ஸும் பாதிக்கு மேல் அடங்கியிருக்கும். செலவு ஒரு டம்ளர். ‘நல்ல கேமரா வாங்குங்க’ என்று எழுத ஆகும் நேரத்தில் இதை எழுதியிருக்கலாம். அப்படிச் சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேர் தங்கள் கேமராவை ஆட்டோ மோடிலேயே வைத்திருப்பவர்கள் என்பது தனிக்கதை.

அடுத்து அந்த ரூல் ஆஃப் தேர்ட்ஸ், அதாவது படத்தை மூன்று மூன்றாகக் கட்டம் பிரித்து முக்கியமானதை நடுவில் வைக்காமல் கோட்டின் மேல் வைக்கச் சொல்லும் விதி. இந்தப் பெயர் முதலில் வருவது 1797-ல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் கிராமக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய ஒரு புத்தகத்தில். புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதாவது புகைப்படம் உலகத்துக்குத் தெரியவருவதற்கு 42 வருஷம் முன்னால் ஓவியத்துக்காகச் சொல்லிவைத்த ஒரு யோசனை. எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை, நானும் திரையில் கட்டம் போட்டுத்தான் எடுக்கிறேன். ஆனால் அந்தத் தூக்கு நட்டநடுவில் இருந்ததால்தான் மூடி சாய்ந்திருப்பதே தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் நேராக, ஒழுங்காக, கல்யாண போட்டோ மாதிரி நிற்கிறது, மூடி மட்டும் கோணல். தூக்கை ஓரத்துக்குத் தள்ளினால் அந்தக் கோணல் நூறு கோணலில் ஒன்றாகப் போய்விடும்.

சரி, நல்ல விமர்சனம் எப்படி இருக்கும்? எனக்குக் கிடைத்ததிலேயே நல்லதைச் சொல்கிறேன். ‘வரிசை’ என்ற தலைப்புக்கு எங்கள் தெரு ரேஷன் கடை வாசலைப் படமெடுத்தேன். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம், வரிசையில் ஒரு ஆள்கூட இல்லை. ஆளுக்குப் பதிலாக ஒரு செங்கல், ஒரு வயர் கூடை, காது அறுந்த ஒற்றைச் செருப்பு, மண்ணெண்ணெய் கேன், கடைசியில் ஒரு மஞ்சப் பை. நம் ஊரில் செங்கல்லுக்கு இருக்கும் மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், வரிசையில் வைத்துவிட்டால் அதைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். அந்தச் செங்கல்தான் என் கதாநாயகன். படம் போட்டதும் வழக்கம்போல ‘அருமை’கள் குவிந்தன.

அண்ணாச்சி தனியாக போன் செய்தார். “தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. என் கண்ணு முதல்ல எங்க போச்சு தெரியுமா? அந்த மஞ்சப் பைக்கு. அங்கயே நின்னுட்டு. நீ எதப் பாக்கச் சொல்லுத?” என்று கேட்டார். செங்கல்லை என்றேன். “அப்ப பை ஏன் செங்கல்லவிட வெளிச்சமா இருக்கு?”

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். காலை வெயில் சாய்வாக வந்து நேராக அந்தப் பை மேல்தான் விழுந்திருக்கிறது, செங்கல் பாவம் கடையின் நிழலில் கிடக்கிறது. எடுக்கும்போது என் கண்ணுக்கு இது தெரியவே இல்லை, ஏனென்றால் மனசு பூராவும் செங்கல்தான் இருந்தது. (மீண்டும் மஞ்சப்பை என்று அரசாங்கமே சொல்கிறது, அதற்காக என் ஃப்ரேமுக்குள்ளும் வரவேண்டுமா?) பையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வெட்டினால் வரிசை நாலு பொருளில் முடிந்துவிடும், வரிசையாகவே இருக்காது என்றார். “ரெண்டு எட்டு இடது பக்கம் போயிருந்தா தூண் அந்தப் பைய மறைச்சிருக்கும்லா?” அவர் அந்தக் கடையைப் பார்த்ததே இல்லை. தரையில் விழுந்திருந்த தூணின் நிழலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவர் 30 வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, இறந்தவர் படத்தைப் பெரிதாக்குவது என்று எல்லாம் பார்த்தவர். அங்கே விமர்சகர் யார் என்றால் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். கழுவிக் கொடுத்த படத்தைப் பார்த்து “இது எங்க அப்பா மாதிரி இல்லையே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏன் இல்லை என்று கண்டுபிடிப்பது இவர் பாடு. கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லையா, கன்னத்தில் நிழல் கூடிவிட்டதா, மீசை ஓரம் வெளுத்துவிட்டதா? நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வாராம். அதனால்தானோ என்னவோ, குழுவில் யாராவது “எடிட் பண்ணிட்டீங்க, இது ஒரிஜினல் இல்ல” என்று கிளம்பினால் அவர் வாயே திறக்கமாட்டார்.

எடிட் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியவர். அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீல நிறம் அளவுக்கு மீறி உறைக்கும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மனிதர் என்ன செய்தார், நெகட்டிவ் மேலேயே வண்ணம் பூசி மேகம் வரைந்துவிட்டார். 160 வருஷம் முன்னாலேயே வானம் மாற்றியிருக்கிறார்கள், நாம் இப்போது ஒரு ஸ்லைடரை இழுத்ததற்குப் பஞ்சாயத்து வைக்கிறோம். எடிட் செய்தாயா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, எதற்காகச் செய்தாய் என்று கேளுங்கள். ஏஐ-யில் வரவழைத்த படத்தைக் கொண்டுவந்து இந்த வாரம் எடுத்தது என்று சொல்வது வேறு, அது நேரடிப் பொய். போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் 2023-ல் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் அப்படி ஒரு படத்துக்குப் பரிசு கிடைத்ததும், இது புகைப்படமே இல்லை என்று அவரே சொல்லி வேண்டாமென்று மறுத்தார். எங்கள் குழுவில் அந்த அளவு நாணயத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கண் எங்கே போனது என்று சொல்வதோடு அண்ணாச்சி இன்னொன்றும் செய்வார், படத்துக்குள் இருக்கும் ஆள் பக்கம் நின்று பேசுவார். ‘சிவப்பு’ வாரம் குலசை (குலசேகரப்பட்டினம்) முத்தாரம்மன் கோயில் தசராவில் வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கேமரா வைத்திருப்பவன் எவனும் அந்தப் பத்து நாளில் வீட்டில் இருக்கமாட்டான். காளி வேஷம், சடைமுடி, செவ்வாடை, முகத்தில் சிவப்புச் சாயம். வந்த படம் எல்லாவற்றிலும் ஒரே வியாதி, சிவப்பு கொத்தாக அப்பிப்போய்த் துணி மடிப்பே தெரியவில்லை. கேமரா காட்டும் சாதா ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச வரைபடம், மொத்த வெளிச்சத்தைத்தான் காட்டும், சிவப்பு மட்டும் தனியாக உச்சத்தில் முட்டி நிற்பது அதில் தெரியாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொண்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் மடிப்பு நிற்கும். இதைப் பலரும் எழுதினார்கள், நல்ல விஷயம். அண்ணாச்சி மட்டும் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டார். அருள் வந்து கண் செருகிக் கிடக்கும் ஒருவரின் முகம், ஒரு முழத்தில் வைத்து எடுத்தது. “முழிச்ச பொறவு அவர்ட்ட காட்டுனியா?” என்று கேட்டார். எடுத்த பையன் இல்லை என்றான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படத்தைக் குழுவிலிருந்து அவனே நீக்கிவிட்டான்.

‘அருமை’ என்று எழுதுவதும் ‘கேமரா வாங்குங்க’ என்று எழுதுவதும் எனக்கு ஒரே ஜாதியாகத்தான் படுகிறது. இரண்டுக்கும் படத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாரம் முழுக்க ஒருவர் ஒரு வார்த்தையை மனசில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார், சமையலறை வரைக்கும் தேடியிருக்கிறார், நாம் அரை நிமிஷம்கூட நின்று பார்க்கவில்லை என்றால் எதற்குத் தலைப்பு, எதற்குக் கெடு?

அந்தப் பெண்ணுக்கு நேற்று தனியாக எழுதினேன். ஷட்டர் 1/50, டம்ளர், எல்லாம். கூடவே மூடியின் சாய்வைப் பற்றியும், நான் கறிக்கடையில் நின்றதைப் பற்றியும். “நன்றி அண்ணா” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. திரும்பி வருவாரா தெரியாது, வாங்க என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

இந்த வாரத் தலைப்பு ‘நிழல்’. இன்று காலை ஏழு மணிக்கே முதல் படம் வந்துவிட்டது. பாட்டி முகம், கருப்பு வெள்ளை. சிரித்துக்கொண்டே நாலு வார்த்தை நக்கலாக அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் முகத்துக்குப் போகவில்லை, நேராகக் கழுத்துக்குப் போனது. தொங்கும் காதில் பாம்படம், அதன் நிழல் கழுத்துச் சுருக்கத்தின் மேல் விழுந்து வளைந்து வளைந்து இறங்குகிறது. அடித்ததை அழித்துவிட்டு இதைத்தான் எழுதினேன். அப்புறம், நெற்றிக்கு மேல் அவ்வளவு இடம் விட்டதற்குப் பதிலாக கேமராவைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் அந்த நிழல் தோள்பட்டையில் எங்கே போய் முடிகிறது என்றும் பார்த்திருக்கலாம் என்று.