போற வழிதானே!

இந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். அவர் மடியில் ஒரு மண்பானையை வைத்து, என் 150 சிசி வண்டியின் பின்னால் உட்காரவைத்து, செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் ஒரு வேகத்தடை விடாமல் ஏற்றி இறக்க வேண்டும்.

இன்று காலையில் பெரியப்பா போன் பண்ணினார். "அடுத்த வாரம் ராமேஸ்வரம் பக்கம் வண்டியில போறியாமே? பரமக்குடியில நம்ம சம்பந்தி வீட்டுல ஒரு மிக்சி குடுக்கணும்பா. போற வழிதானே." போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் போய்ப் பத்து நிமிஷம் சும்மா நின்றேன். போன வாரத்துப் புண்ணே இன்னும் ஆறவில்லை.

போன வாரம் மலையில் டென்ட் போட்டுத் தங்கக் கிளம்பினேன். அதற்காக நாலு ராத்திரி உட்கார்ந்து மூட்டை கட்டினேன். தெருமுனைப் பழைய பேப்பர் கடை அண்ணனிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து, சீட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற சேடில் பேக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் தொங்கவிட்டு நிறுத்தேன். இடது 6 கிலோ 200. வலது 6 கிலோ 700. ஸ்பேனர் சுருளை வலதிலிருந்து இடதுக்கு மாற்றினேன், இடது கூடிவிட்டது. பஞ்சர் கிட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்தேன், கிளட்ச் கேபிளை அந்தப் பக்கம் அனுப்பினேன். நகைக்கடைக்காரர்கூட இப்படி நிறுத்திருக்க மாட்டார். கனமானதெல்லாம் கீழே, முடிந்தவரை நம் உடம்புக்குப் பக்கத்தில். லேசானது மேலே, பின்னால். அடுப்பும் கேஸ் டின்னும் சைலன்சர் இல்லாத பக்கம். போன வருஷம் பை சரிந்து சைலன்சரில் பட்டு ஒரு ஜெர்கினை வறுத்தவன் நான், அதனால் வலது பக்கத்துக்குத் தனியாக ஒரு தாங்கிக் கம்பி வெல்டிங் வைத்தேன். சீட்டுக்குக் குறுக்கே டென்ட், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக், எல்லாவற்றுக்கும் மேலே, எதையும் அவிழ்க்காமல் உருவுகிற மாதிரி ரெயின்கோட். பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்கி, பின் டயரில் காற்றைக் கூட்டி, பின்னால் கனம் ஏறினால் எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணில் அடிக்குமே என்று ஹெட்லைட்டைக்கூடக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கி ரொம்ப நாளாயிற்று.

விடிகாலை நாலரை. வாசல் விளக்கைப் போட்டால் அம்மா நிற்கிறார். கையில் பழைய சுங்குடிச் சேலை சுற்றிய ஒரு உருண்டை. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்னம்மா இது?"

"பானைடா."

"அது தெரியுது."

"மானாமதுரைப் பானை. உங்க அத்தை எத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கா. பிரிட்ஜ் தண்ணி குடிச்சா தொண்டை கட்டுதாம். உத்தமபாளையத்துல இறங்கி ஒரு எட்டு குடுத்துட்டுப் போயிரு."

"நான் போடிமெட்டு ஏறப் போறேன். அத்தை வீடு கம்பம் ரோட்டுல."

"எல்லாம் தேனிப் பக்கம்தானே? போற வழிதானே."

எங்கள் குடும்பத்தின் பூகோளம் இவ்வளவுதான். நாகமலையைத் தாண்டிவிட்டால் எல்லாமே தேனிப் பக்கம். அத்தை மட்டும் அரபு நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் அதையும் தேனிப் பக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், மேற்கேதானே இருக்கிறது. தேனிக்கு அப்புறம் போடிக்கு ஒரு ரோடு, கம்பத்துக்கு ஒரு ரோடு. உத்தமபாளையம் போய், தேவாரம் வழியாகச் சுற்றிப் போடிக்கு வருவதற்குள் அறுபது கிலோமீட்டர் போல ஆகிவிடும். இதை நான் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அம்மா அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வண்டியின் சீட்டில் பானையை வைத்துப் பார்த்தார்.

நான் என்ன கேட்கிறேன், மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் கம்பம் பஸ் வந்துகொண்டேதானே இருக்கிறது? டிரைவர் பக்கத்தில் வைத்தால் பானை ஜம்மென்று போகாதா? மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்திவிட்டு, வருஷக்கணக்காகத் தண்டவாளம் மாற்றி, 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் மறுபடி ரயில் விட்டார்களே, யாருக்காக விட்டார்கள்? அதே 2023-ல்தான் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, அதை மோட்டார் சைக்கிளில் கட்டுவது எப்படி என்று ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் பானையைக் கட்ட முடியாது. முயற்சி செய்து பாருங்கள். உலகத்தில் லக்கேஜ் கட்டுவதற்கு எத்தனை சாமான் கண்டுபிடித்திருக்கிறார்களோ அத்தனையும் மூலை உள்ள பொருளுக்காகக் கண்டுபிடித்தது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைப் போட்டு இழுத்தால் வழுக்கிக் கழுத்துக்கு வருகிறது. கழுத்தில் போட்டால் அடிப்பாகம் ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் உடையும். இறுக்காவிட்டால் விழுந்து உடையும். இதில் அந்தக் கொக்கி ஒரு தடவை விடுபட்டு என் காதை உரசிக்கொண்டு போனது. அரை அங்குலம் தள்ளியிருந்தால் கண். (இதற்காகத்தான் பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். யார் கேட்கிறீர்கள்?)

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். எதிர்வீட்டு மாமா வந்தார். அவர் அந்தக் காலத்தில் லாரி செட்டில் இருந்தவர். "தம்பி, நீ தள்ளு. நாங்கெல்லாம் பத்து டன்னு கட்டுனவிங்க" என்றபடி என் நாலு ராத்திரி உழைப்பை நாலே நிமிஷத்தில் அவிழ்த்துத் திண்ணையில் பரப்பினார். ரெயின்கோட்டை மடித்துப் பானைக்கு அண்டை கொடுத்தார். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கை முறுக்கி வளைத்துச் சும்மாடு ஆக்கினார். சும்மாடு! குளிர்காலத்து மலைக்கென்று தேடித் தேடி வாங்கியது, பானைக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. டென்ட் மட்டும் இடிக்கிறது என்று அதன் உறையை உருவி, துணியை என் முதுகுப் பையில் திணித்தார்கள். "இது எதுக்குடா, பேசாம லாட்ஜ்ல ரூம் போட்டுத் தூங்க வேண்டியதுதானே" என்றார் அப்பா. கடைசியில் நைலான் கயிற்றால் லாரிக்கட்டு ஒன்று போட்டு, மாமா பானையைத் தட்டினார். டங் என்றது. "பாறை மாதிரி இருக்கு. போயிட்டு வா."

அப்புறம் நான் போனதைப் பயணம் என்று சொல்ல மாட்டேன். சாமி ஊர்வலம். மணிக்கு முப்பத்தைந்து. செக்கானூரணியில் டீ குடிக்க நிறுத்தினால், "தம்பி, பானை என்ன விலை?" என்று ஒரு அக்கா கேட்கிறார். விலைக்கு இல்லை என்றால் நம்பவில்லை, இருபது ரூபாய் குறைத்துக் கேட்கிறார். உசிலம்பட்டி தாண்டி ஒரு பெரியவர் பானையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். யார் வீட்டு எழவு என்று நினைத்தாரோ. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று. அங்கே காற்றாடிகளை எதற்கு நட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் பானை வைத்துப் போனால்தான் புரியும். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நண்டு மாதிரி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பம் பஸ் என்னை ஒதுக்கிக்கொண்டு போனது. எட்டிப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் சரியாக ஒரு பானை அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தேன். பானை உடையவில்லை. ஒரு கீறல் இல்லை. அத்தை வாசலுக்கு வந்தார், சேலையைப் பிரித்தார், சுண்டிப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா, நான் குழாய் வச்ச பானையில்ல கேட்டேன்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு போட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன், அத்தை கை மீன்குழம்புக்கு நான் இன்னும் இரண்டு பானைகூடச் சுமப்பேன். கிளம்பும்போதுதான், "வண்டி காலியாத்தானே போகுது" என்று பானை இருந்த இடத்தில் ஒரு அரிசிச் சிப்பத்தை வைத்தார். "நம்ம வயல் அரிசி. அஞ்சு கிலோதான்."

நான் எங்கே போகிறேன்? போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தாண்டிச் சின்னக்கானல் பக்கம். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த காட்டு யானை அரிக்கொம்பன் ஊருக்கு. அவனை 2023-ல் மயக்க ஊசி போட்டு அப்புறப்படுத்தியதும், அவன் கம்பம் டவுனுக்குள் வந்து ஒரு உலா போனதும், அப்புறம் முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டதும் அத்தைக்கும் தெரியும். "அதான் அது இப்ப அங்க இல்லையே" என்கிறார். அது இல்லை அத்தை, அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்தச் சிப்பம் வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. இருட்டுகிற நேரத்துக்கு முகாமுக்குப் போனேன். பனி இறங்குகிறது. முதுகுப் பையைத் திறந்து டென்ட் துணியை விரித்தேன். நாலு மூலையிலும் முளை அடித்தேன். கம்பியைத் தேடினேன்.

கம்பி இல்லை.

சேடில் பேக் இரண்டையும் கொட்டிக் கவிழ்த்தேன். ஸ்பேனர் இருக்கிறது, கிளட்ச் கேபிள் இருக்கிறது, எதிர்வீட்டு மாமாவின் நைலான் கயிறு மிச்சம் இருக்கிறது. டென்டைத் தூக்கி நிறுத்துகிற கம்பி மட்டும் இல்லை. முகாம் நடத்துகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாடகைக்கு ஒரு டென்ட் கொடுத்தார். சொந்த டென்டைத் தலையணையாக மடித்து வைத்து, வாடகை டென்டில், பக்கத்தில் ஐந்து கிலோ அரிசியோடு படுத்தேன். வெளியே இலை அசைந்தால்கூட அரிசியைத்தான் முதலில் பார்த்தேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, திண்ணையில ஒரு மடக்குக் கம்பி கிடந்துச்சா? மஞ்சள் கலர்ல?"

"ஆமாடா, அது உன்னுதா? ஒட்டடை அடிக்க அம்புட்டு வசதியா இருக்குடா. உத்தரம் வரைக்கும் எட்டுது, வேலை முடிஞ்சா மடக்கி வச்சுக்கலாம். எங்க வாங்குன? அத்தைக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? தனியாக அந்தப் பனியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தேன்.

சரி, அதோடு போயிற்று என்று விட்டிருப்பேன். ஊருக்கு வந்து, தராசைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் சும்மா அந்த அரிசியை மாட்டிப் பார்த்தேன். 4 கிலோ 250 காட்டுகிறது. "உங்க அத்தை குறைச்சுக் குடுக்க மாட்டாளே" என்று அம்மாவுக்குச் சந்தேகம். சமையலறையிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைக் கொண்டுவந்து மாட்டினார். 850.

இடது, வலது எடை சமமாகத்தான் இருந்திருக்கும், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் இந்தத் தராசில்தானே பத்து வருஷமாக எங்கள் வீட்டுப் பேப்பரையெல்லாம் போட்டோம்? அந்த அண்ணனிடம் கொண்டுபோய்க் கேட்டால் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல் சிரிக்கிறார்: "தம்பி, அது பேப்பர் வாங்குற தராசு. ஒங்கள யாரு அதுல அரிசியைப் போடச் சொன்னது?"