எங்கள் வகுப்பில் யார் இருந்தார்கள்

அமெரிக்காவில், மூச்சுப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தரும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் ஆவதற்கு இரண்டு வருட அசோசியேட் டிகிரி போதும். கம்யூனிட்டி காலேஜிலேயே படிக்கலாம். நான் 36 வயதில் அப்படித்தான் படித்தேன்.

வகுப்பில் 18 பேர். பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள் மூன்றே பேர். ராத்திரி முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு அப்படியே வகுப்புக்கு வரும் ஹைத்திப் பெண், ராணுவத்திலிருந்து வந்தவர், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பேரன் எடுத்துவிட்ட பிலிப்பைன்ஸ் அக்கா. பாதிக்கு மேல் பெண்கள். இந்தத் தொழிலே அப்படித்தான்.

புதிதாக ஆரம்பிக்கும் படிப்பு குறைந்தது நான்கு வருட இளநிலைப் பட்டமாக இருந்தால்தான் அங்கீகாரம் என்று 2018-ல், இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் கோஆர்க் அமைப்பு விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே இருக்கும் அசோசியேட் படிப்புகள் தொடர்கின்றன. எல்லாவற்றையும் நான்கு வருடமாக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. வென்டிலேட்டர் வைத்தியம் சிக்கலாகிவிட்டது, கூடுதல் படிப்பு தேவை என்கிறார்கள். சரி, நியாயம்தான். ஆனால் ஆர்ஆர்டி, அதாவது பதிவு பெற்ற ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் ஆக இரண்டு வருடம் படித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது அதே தேர்வுகளைத்தானே? நான்கு வருடம் என்றிருந்தால் அந்த அக்கா வந்திருக்கவே மாட்டார். நானும்தான்.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நோயாளிக்கும் முக்கியம். லேபில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை ஒருவர் விரலில் ஒருவர் மாட்டிப் பழகியபோது, "என் விரலில் இது சரியாகக் காட்டுமா?" என்று கேட்டவள் அந்த ஹைத்திப் பெண். கேட்க வேண்டிய கேள்விதான். கருத்த தோலில் அந்தக் கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடக்கூடும். கருவியில் அளவு நன்றாக இருந்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அன்று அவள் கேட்டிருக்காவிட்டால் எங்களில் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும்?

அவள் படிப்பை முடிக்கவில்லை. கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, காலை ஆறரைக்கு. பிள்ளையை விடும் டேகேர் திறப்பது ஏழு மணிக்கு. அந்த அரை மணி நேரத்துக்குக் கல்லூரியில் யாரும் வழி சொல்லவில்லை. சாயங்கால ஷிப்டில் கிளினிக்கல் போட்டுக் கொடுத்திருந்தால் போதும். அதுகூடக் கேட்டுப் பார்த்தாள். இரண்டாம் செமஸ்டரோடு நின்றுவிட்டாள்.

மதிப்பெண் குறைந்து நிற்கவில்லை. ஏபிஜி ரிப்போர்ட்டை, அதாவது தமனி ரத்தத்தின் வாயு அளவுப் பரிசோதனை முடிவைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.